எடைக்கல்லும் உறைகிணறும்

ஆற்றங்கரை நாகரிகம் என்றதும் பேரப்பிள்ளைகளுக்கு நைல், சிந்து என்றுதான் சொல்லித் தருகிறோம். நம் ஆரணியாற்றுக்குத் தெற்கே, கொசஸ்தலை ஆற்றங்கரையில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே கல் கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். அங்கு அகழாய்வு செய்த சாந்தி பப்பு குழுவினர், அத்தகைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் அறிவித்தார்கள். பூண்டி அருங்காட்சியகத்தில் இப்பகுதிக் கற்கருவிகளைப் பார்க்கலாம்.

ஆனால் கோடரி மட்டும் ஊரை உண்டாக்காது. விளைச்சலில் மிச்சம் வேண்டும். மிச்சம் வந்தால் கணக்கு வேண்டும். (டேலி ஆகாமல் வீட்டுக்குப் போகாத பேங்க் வேலை பார்த்தவன், எனக்குக் கண்ணில் படுவது இதுதான்.) சிந்துவெளியில் ஊருக்கு ஊர் ஒரே எடைக்கல்: 1, 2, 4, 8, 16 என இரட்டித்துப் போகும். முகம் தெரியாதவனோடும் நம்பி வியாபாரம் செய்யலாம். வைகைக் கரையில் கீழடியிலோ உறைகிணறுகள், பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் பெயர்கள்.

நம் பக்கம் மீஞ்சூரில் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததில் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. நம் போர்வெல்லுக்கு மீட்டர் வைப்பது அடுத்த பொதுக்குழுவில் வருகிறது. என் ஓட்டு மீட்டருக்குத்தான்.