பாலும் நீலச் சாயமும்

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நாம் காப்பிக்கொட்டையை ஊரிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம். பாலை அவ்வாறு வரவழைக்க இயலாது. இருக்கும் நகரத்திலேயே, நாம் அறியாத கைகள் கறந்து அனுப்பும் பாலைத்தான் வாங்குகிறோம். அதில் கிருமிகள் மிகுந்துள்ளனவா என்பதை, அது நம் அடுப்பேறும் முன்னரே கண்டறிய முடியுமா? அறிஞர்கள் நெடுங்காலம் இதற்கு விடை தேடினர்.

1881-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ராபர்ட் கோக், தட்டில் உறையவைத்த ஊட்டப்பொருளின் மீது கிருமிகளை வளர்க்கும் முறையை விளக்கிக் காட்டினார். ஒவ்வொரு கிருமியும் பெருகிப் புள்ளியாகத் தெரியும்; புள்ளிகளை எண்ணிவிடலாம். நேர்த்தியான முறைதான். ஆனால் பாலுக்கு அதனால் என்ன பயன்? புள்ளிகள் தோன்ற இரண்டு நாள் வேண்டும். அதற்குள் பாலைக் குடித்துச் செம்பையும் கழுவி வைத்துவிடுவோமே!

உதவிக்கு வந்தது ஒரு துணிச்சாயம். மெத்திலீன் நீலம் எனும் அதனை 1876-இல் ஹைன்ரிக் காரோ என்ற வேதியியலார் ஆக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடனின் பார்த்தெல், டென்மார்க்கின் ஓர்லா ஜென்சன் ஆகியோர் அதைக் கொண்டு பாலைத் தரம் பிரிக்கும் முறையை வகுத்தனர். 10 மில்லிலிட்டர் பாலில் 1 மில்லிலிட்டர் சாயக் கரைசலைக் கலந்து, 37 பாகை வெப்பமுள்ள நீரில் குழாயை நிறுத்தி வைக்க வேண்டும். கிருமிகள் பெருகப் பெருகப் பாலில் கரைந்துள்ள பிராணவாயு தீரும், நீலம் வெளுக்கும். 5 மணி நேரம் நிறம் நின்றால் மிக நல்ல பால். அரைமணிக்குள் வெளுத்தால் மோசமான பால் என்பது நம் நாட்டில் பின்பற்றப்பட்ட அளவுகோல். எழுத்தறியாதவரும் தம் கண்ணாலேயே காணக்கூடிய சான்று இது.

அத்தகைய சான்று எவ்வளவு தேவை என்பதை பம்பாய்ப் பாலின் கதை காட்டும். 1945-இல் தொடங்கிய திட்டத்தின்படி, 400 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆனந்திலிருந்து அந்நகருக்குப் பால் வந்தது. கேடா மாவட்டத்து உழவர்கள் தத்தம் பாத்திரங்களில் பாலை நெடுந்தொலைவு சுமந்தனர். கோடையில் வழியிலேயே அது புளித்துவிடும். விலையோ முகவர் வைத்ததே விலை. 1946-இல் உழவர்கள் கூட்டுறவாகத் திரண்டனர். 1948-இல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 250 லிட்டருடன் அவர்கள் பணி தொடங்கிற்று. கிராமச் சங்கத்திலேயே கொழுப்பை அளந்து விலை தரும் வழக்கம் வந்தபின், முகவரின் வாய்ச்சொல்லுக்கு இடமில்லாது போயிற்று.

கிருமிச் சோதனை மட்டும் அவ்வளவு எளிதாக வாயிலுக்கு வரவில்லை. பாலேற்றி வந்த லாரி 5 மணி நேரம் காத்து நிற்குமா? ஆகவே வாயிலில் மூக்கும் நாக்கும் கொதிக்கவைத்துப் பார்ப்பதுமே காவல். எந்த ஊர்க் கேன்கள் சரியாகக் கழுவப்படவில்லை என்பதைப் பிற்பாடு காட்டிக் கொடுக்கவே நீலச் சாயம் உதவிற்று. ரெசசூரின் என்ற மற்றொரு சாயம் 10 நிமிடத்தில் குறிப்புக் காட்டும். போர்க்கால பிரிட்டனில் அது பரவலாகக் கையாளப்பட்டது.

இன்னும் விரைவான வழியை மின்மினிப் பூச்சி தந்தது! உயிரணுக்களில் உள்ள ஏ.டி.பி. என்ற பொருள் இருந்தால்தான் மின்மினியின் ஒளிச்சாறு ஒளிரும் என்பதை 1947-இல் அமெரிக்கரான வில்லியம் மெக்எல்ராய் காட்டினார். கழுவிய பாத்திரத்தை ஒரு பஞ்சால் துடைத்து அச்சாற்றில் இட்டால், அழுக்கு எஞ்சியிருப்பதைச் சில வினாடிகளில் ஒளி சொல்லிவிடும். பாலுக்கே அதைப் பயன்படுத்துவதில் ஒரு தொல்லை: பசுவின் உயிரணுக்களும் அப்பாலில் உள்ளன, அவையும் ஒளிரும்.

கிராமங்களுக்குக் குளிர்கலங்கள் வந்தபின் நீலச் சாயத்தின் செல்வாக்குத் தேய்ந்தது. குளிரில் வளரும் கிருமிகள் சாயத்தை மெதுவாகவே வெளுக்கச் செய்யும். கெட்ட பாலும் நல்ல பால்போல் தோன்றும். மேலும், கிருமி மிகுதி என்று சொல்லும் சாயம், இது இன்ன கிருமி என்று பெயர் சொல்லாது. இன்று சால்மோனெல்லாவை மரபணுச் சோதனையால் சில மணி நேரத்தில் அடையாளம் காண்கிறார்கள். ஆயினும் உணவில் அது ஒன்றிரண்டாகவே இருக்கக்கூடுமாதலால், முதலில் ஓர் இரவு அதை ஊட்டநீரில் வளர்த்தாக வேண்டியிருக்கிறது.