ஆமை போட்ட முக்கோணமும் நான் தப்பென்று சொன்ன 120-ம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். இரண்டாம் வகுப்பு. கையில் ஒரு சின்ன ரோபோ. முதுகில் அம்புக்குறி போட்ட பொத்தான்கள். முன்னால் எத்தனை அடி, எங்கே திரும்ப வேண்டும் என்று வரிசையாக அழுத்திவிட்டு, கடைசியில் ஒரு பொத்தானைத் தட்டினால் அதன்படியே போகும். கூடத்திலிருந்து சமையலறை வாசலுக்கு அதை அனுப்பப் பார்த்தான். மூன்று தடவையும் சோபா காலில் போய் முட்டியது. அழுவான் என்று நினைத்தேன். அவனோ எழுந்து, ரோபோ போக வேண்டிய வழியில் தானே அடி வைத்து நடந்து, "பாட்டி, இந்த இடத்துல தப்பாத் திருப்பிட்டேன்" என்றான். நாலாவது தடவை சரியாகப் போய்ச் சேர்ந்தது.

விடை தப்பானதும் முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடச் சொல்லியே முப்பது வருடம் பிள்ளைகளைப் பழக்கியவள் நான். இந்தப் பழக்கம் இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கதை இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தொடங்குகிறது. மூளையின் மின் அலைகளை ஆராய்ந்த கிரே வால்டர் என்ற விஞ்ஞானி 1948-49-இல் இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். பெயர் எல்மர், எல்சி. பழைய ரேடியோ பெட்டிக்குள் இருக்குமே வால்வு, அதுபோல இரண்டே வால்வுகள். வெளிச்சத்தைத் தேடி ஊரும். எதிலாவது முட்டினால் விலகிப் போகும். பேட்டரி குறைந்தால் கூண்டுக்குத் திரும்பும். ஆனால் அவை தம் போக்கில் போகிற ஆமைகள். "இப்படிப் போ" என்று யாரும் கட்டளையிட முடியாது.

கட்டளை கேட்கும் ஆமை வர இன்னும் இருபது வருடம் ஆனது. அதற்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் சீமோர் பேப்பர்ட். 1928-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர், கணித மேதை. 1958 முதல் சில ஆண்டுகள் ஜெனீவாவில் பியாஜேயோடு வேலை பார்த்தார். ஆசிரியர் பயிற்சியில் என்னோடு படித்த தோழிகளுக்கு இந்தப் பெயர் மறந்திருக்காது. பியாஜேயின் நான்கு நிலைகளை வயது வாரியாக மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, டிப்ளமோ வாங்கி, அதோடு அவரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டோம். பேப்பர்ட் அப்படி விடவில்லை. குழந்தை தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்றால், கட்டுவதற்குச் செங்கல் வேண்டாமா என்று யோசித்தார்.

1967-இல் அமெரிக்காவில் வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோரோடு சேர்ந்து, குழந்தைகள் எழுதக்கூடிய ஒரு கணினி மொழியை உருவாக்கினார். அதுதான் லோகோ. கணினி அப்போது ஒரு அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். விலையோ கேட்க வேண்டாம். அதைப் போய் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுப்பதாவது என்று பலர் சிரித்திருப்பார்கள். முதலில் சொற்களையும் எண்களையும் வைத்துத்தான் விளையாட்டு. ஆமை பிறகுதான் வந்தது. 1970-ஐ ஒட்டி, கவிழ்த்த கூடை போன்ற முதுகும் கீழே சக்கரமும் வயிற்றில் ஒரு பேனாவுமாக, நீண்ட கம்பியால் கணினியோடு கட்டப்பட்டுத் தரையில் ஊர்ந்தது. "முன்னே 100, வலது 90" என்று நாலு தடவை சொன்னால் தாளில் சதுரம் வரும்.

இனிமேல்தான் விஷயம். சதுரம் போட்ட பிள்ளை அடுத்து முக்கோணம் போடப் பார்க்கும். சமபக்க முக்கோணத்தில் ஒவ்வொரு கோணமும் 60 என்று படித்திருக்கிறதே! "முன்னே 100, வலது 60" என்று மூன்று தடவை கொடுக்கும். வருவது முக்கோணம் இல்லை, பாதி அறுங்கோணம். வீட்டில் தாளும் கோணமானியும் இருந்தால் போட்டுப் பாருங்கள். அப்போது பேப்பர்ட் வழி ஆசிரியர் விடையைச் சொல்ல மாட்டார். "நீயே ஆமையாகி நடந்து பார்" என்பார். நடந்தால் தெரியும்: முனைக்கு வந்ததும் உடம்பு திரும்புவது உள்கோணம் அல்ல, வெளிக்கோணம். 60 இல்லை, 120. மூன்று திருப்பமும் சேர்ந்தால் 360, ஒரு முழுச் சுற்று. எந்தப் பலகோணத்தைச் சுற்றி வந்தாலும் அப்படித்தான். கணினிக்காரர்கள் இப்படிப்பட்ட பிழையை 'பக்' என்பார்கள், பூச்சி என்று அர்த்தம். பூச்சி இருந்தால் அதை மட்டும் எடுக்க வேண்டும். செடியைப் பிடுங்க வேண்டாம்.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். தொண்ணூறுகளில் ஒரு விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள். மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் பெரிய சமபக்க முக்கோணம் போட்டிருந்தோம். எட்டாம் வகுப்பை அதன் மேல் நடக்கவிட்டு, "முனையில் எத்தனை பாகை திரும்புகிறீர்கள்?" என்று கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் "60 டீச்சர்" என்றார்கள். ஒரே ஒரு பையன், காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுத் தாமதமாக வருகிறவன், "120 டீச்சர்" என்றான். "புத்தகத்துல 60-ன்னுதானே இருக்கு? கவனிச்சாத்தானே!" என்று திட்டினேன். மறுவாரம் தேர்விலும் அதையே எழுதினான். சிவப்பு மையால் அடித்தேன். புத்தகம் சொன்னதும் சரி, அவன் சொன்னதும் சரி. நான் கேட்ட கேள்விக்கு விடை தெரியாதவள் நான் ஒருத்திதான்.

சரி, கதைக்கு வருகிறேன். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு லோகோ எப்படிப் புரியும்? 1970-களின் நடுவில் எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்த ராடியா பெர்ல்மன் இதற்கு வழி கண்டார். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளும் ஆமையை ஓட்டும்படி பொத்தான் பெட்டி ஒன்றும், அட்டைகளை வரிசையாகச் செருகும் பெட்டி ஒன்றும் செய்தார். என் பேரன் அழுத்திய அம்புக்குறிகளுக்கு அதுதான் பாட்டி! இணையக் கட்டமைப்புக்கு அடிப்படையான ஒரு முறையைப் பின்னாளில் தந்தவரும் இவரே.

1980-இல் பேப்பர்ட்டின் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூல் வந்தது. ஆமை திரைக்குள் குடியேறி ஊர் ஊராகப் போனது. உங்கள் பிள்ளைகளின் கணினிப் புத்தகத்தில் முக்கோண வடிவில் ஒரு ஆமை வந்திருக்குமே, அதுதான். 1998-இல் லெகோ நிறுவனம் தன் ரோபோ பெட்டிக்கு அந்த நூலின் பெயரையே வைத்தது.

ஆனால் எல்லாம் வெற்றிக் கதை இல்லை. 1984-இல் ராய் பீ, மிடியன் கர்லாண்ட் என்ற இருவர் நியூயார்க்கில் சோதித்துப் பார்த்தார்கள். வகுப்பறை வேலைகளைக் குறைந்த நடையில் எப்படி முடிப்பது என்று திட்டமிடச் சொன்னால், ஒரு வருடம் லோகோ படித்த பிள்ளைகள் படிக்காதவர்களைவிடச் சிறப்பாகச் செய்யவில்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. கருவியைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அப்படித்தான். 1988-இல் டேவிட் கிளார், ஷேரன் கார்வர் இருவரும் வேறு விதமாகச் செய்தார்கள். என்ன வர வேண்டும், என்ன வந்தது, வித்தியாசம் எங்கே, அதற்குக் காரணமான வரி எது என்று பூச்சி தேடும் முறையையே பாடமாக நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகள் கணினி இல்லாத இடத்திலும், யாரோ எழுதிய வழிக்குறிப்பில் இருந்த பிழையைக் கண்டுபிடித்தார்கள்.

நம் நாட்டில் 1984-லேயே பள்ளிகளுக்குக் கணினி கொடுக்கும் திட்டம் வந்தது. எங்கள் பள்ளிக்கு வந்தது ரொம்பப் பிந்தி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும்; உறை போட்டு மூடியிருக்கும்; சாவி அலுவலகத்தில். பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும் என்ற பயம். நானும் அந்தப் பயத்தைக் காப்பாற்றியவள்தான்.

பேப்பர்ட் 2006-இல் வியட்நாமின் ஹனோய் நகரில் மோட்டார் சைக்கிள் மோதி மூளையில் பலத்த காயம் பட்டார், 2016-இல் காலமானார்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். பெயரை இங்கே போடவில்லை, அவனுக்குத் தெரியும். தம்பி, இதை நீ படித்தாலும், உன்னோடு படித்தவர்கள் யாராவது படித்து உனக்கு அனுப்பினாலும், எனக்கு ஒரு போன் பண்ணு. அந்த விடைக்கு இரண்டு மதிப்பெண். நான் இன்னும் தரவில்லை.