வரிசையில் முந்தும் நூலகம்

கணிப்பொறியில் ஒரு கட்டளையைத் தட்டுகிறீர்கள். எல்லா வேலையையும் அதுவே செய்துவிடுகிறதா? இல்லை. கோப்பைத் திறப்பது போன்ற பொது வேலைகளுக்கு அது ‘நூலகம்’ எனப்படும் நிரல் தொகுதியை நாடுகிறது. வீட்டுக்கொரு கிணறு வெட்டாமல், ஊருக்கே ஒரு பொதுக் கிணறு வைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு இது.

இக்கருத்து 1960-களில் அமெரிக்காவில் உருவான மல்டிக்ஸ் அமைப்பிலேயே இருந்தது. 1988-இல் வந்த சன்ஓஎஸ் 4.0 இதை யூனிக்ஸில் கையாண்டது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இவ்வழியையே பின்பற்றியது.

நிரல் ஓடுமுன் ‘இணைப்பி’ என்னும் சிறு நிரல், வேண்டிய நூலகங்களைத் தேடி இணைக்கிறது. ‘எல்டி பிரீலோட்’ என்ற மாறியில் ஒரு நூலகத்தைக் குறித்துவைத்தால் அதுவே முதலில் ஏறும். ஒரே பெயருள்ள செயல் இரண்டு நூலகங்களில் இருந்தால் முந்தியதே வெல்லும். இது பயனுள்ள வசதிதான். 2000-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தார் விளக்கிய ‘லிப்சேஃப்’, இம்முறையில்தான் சிலவகைத் தாக்குதல்களைத் தடுத்தது.

ஆபத்து எங்கே? ஷெல்லில் ஏற்றுமதி செய்த மாறி, அது பிறப்பிக்கும் நிரல்களுக்கெல்லாம் செல்கிறது. அமைப்புக் கோப்பில் எழுதினாலோ எல்லா நிரல்களையும் பற்றும். கையால் வைத்த அந்நூலகம் புதுப்பிக்கும் நிரலின் கணக்கில் இராது. அடிப்படை சி நூலகம் மாறியதும், கிணற்றை ஆழப்படுத்திய பின் பழைய கயிறு எட்டாத கதைதான். 2021-இல் ஜிலிப்சி 2.34 வந்தபோது சில உட்செயல்கள் நீங்கின. அவற்றை நம்பிய நூலகங்கள் தடுமாறின.

புதுப்பித்தலின் நடுவே ஒவ்வொரு சிறு நிரலுக்கும் புது ஷெல் பிறக்கிறது. முந்தி ஏறிய பழைய நூலகம் இல்லாத செயலைத் தேட, ஷெல் முதல் வரியை எட்டுமுன்னே மடிகிறது. பிழையான கோப்பை அழிக்கும் கட்டளையும் ஓடாது! நூலகக் கோப்பே காணாமற்போனால் இணைப்பி எச்சரித்துவிட்டு மேலே செல்லும். இருந்தும் பொருந்தாததே ஆபத்து.

வழி என்ன? புதுப்பிக்குமுன் மாறியையும் அமைப்புக் கோப்பையும் பாருங்கள். வேற்று நூலகம் இருந்தால் நீக்குங்கள். நிர்வாகி உரிமையுள்ள ஒரு ஷெல்லைத் திறந்தே வையுங்கள். முன்பே ஓடும் ஷெல் மடிவதில்லை. வேறு நிரலின் துணையின்றி, தன் உள்ளமைந்த ஆற்றலாலேயே அது மாறியை நீக்கும், கோப்பை வெறுமையாக்கும். எல்லாவற்றையும் தன்னுள்ளே கொண்ட நிலை இணைப்பு ‘பிஸிபாக்ஸ்’ ஒன்றும் கையிருப்பில் இருக்கட்டும். பொதுக் கிணறு பழுதாகும் நாளில் வீட்டுக் கிணறு உதவுமல்லவா?