தாயனூர்த் தோட்டத்தில் ஏழாயிரம் ஆண்டுகள்

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து ஸ்ரீரங்கத்தைத் தீவாக்குகின்றன. அங்கிருந்து அந்தநல்லூர், லால்குடி, மேற்கே முசிறி, தொட்டியம் என எந்தப் பக்கம் போனாலும் வழித்துணையாக வருவது வாழைதான். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தன் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை 1993 ஆகஸ்ட் 21 அன்று திருச்சியில் தொடங்கியது பொருத்தமான முடிவு. தோகைமலைச் சாலையில் தாயனூரில் அது வளர்ந்து நிற்கிறது.

உதயம், காவேரி கல்கி போன்ற ரகங்களை உழவர்களுக்குத் தந்த மையம் இது. ஆனால் அதன் உண்மையான செல்வம் மரபுவளத் தோட்டம் என்பேன். முந்நூறுக்கும் மேற்பட்ட வாழை வகைகள் அங்கே உயிரோடு நிற்கின்றன. நெல்லை விதையாக உலர்த்திக் குளிரறையில் வைக்கலாம். நாம் உண்ணும் வாழைக்கு விதை ஏது? ஆண்டுதோறும் கன்று பிரித்து நட்டோ, சோதனைக்குழாயில் திசுவாக வளர்த்தோ காக்க வேண்டியிருக்கிறது. ஒரு வகையைக் கவனிக்காமல் விட்டால் அதோடு அது போய்விடும்.

காட்டுவாழையில் சதை கொஞ்சம்; பல்லை உடைக்கும் கறுப்பு விதைகளே மிகுதி. மூசா அக்யூமினேட்டா, மூசா பால்பிசியானா என்ற இரண்டு காட்டினங்களே நம் பழங்கள் பெரும்பாலானவற்றின் முன்னோர். முன்னதை 'ஏ' என்றும் பின்னதை 'பி' என்றும் குறிப்பார்கள். ரொபஸ்டாவும் செவ்வாழையும் ஏஏஏ. பூவன், ரஸ்தாளி, நேந்திரன் மூன்றும் ஏஏபி. மொந்தனும் கற்பூரவல்லியும் ஏபிபி. ஒவ்வோர் எழுத்தும் ஒரு நிறப்புரித் தொகுதி; மூன்று தொகுதி சேர்ந்ததால் நிறப்புரிகள் 33. அவை சரிபாதியாகப் பிரிய முடியாததால் விதை பிடிப்பதில்லை.

மரபணுச் சோதனை வருவதற்கு முன்பே, 1955இல், சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இருவர் பதினைந்து அடையாளங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டு இந்தக் கலப்பைக் கணித்தார்கள். தண்டில் கறுப்புத் திட்டு உண்டா, இலைக்காம்பின் பள்ளம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்ப்பதும் அதில் அடக்கம். நம் உழவர்கள் கொல்லையில் நின்றபடியே ரகம் சொல்வதும் ஏறக்குறைய இப்படித்தான்.

பப்புவா நியூகினியின் குக் சதுப்பு நிலத்தில் சுமார் 7000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிட்ட தடயம் கிடைத்திருக்கிறது. நேந்திரனின் 'ஏ' பங்கு நியூகினியைத் தாயகமாகக் கொண்ட பாங்சி என்ற உட்பிரிவின் வழி வந்தது. நாம் சிப்ஸாகப் பொரிக்கும் காயின் வம்சத்தில் பெரும்பங்கு பசிபிக் தீவொன்றில் வேர்விட்டிருக்கிறது! 'பி' இனமோ நம் வடகிழக்கு மாநிலங்களில் இன்றும் காடாக வளர்கிறது. நேந்திரனின் நெருங்கிய உறவுகள் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பெருகி, அங்கே அன்றாட உணவாக இருக்கின்றன. விதையில்லாத பயிர் கடல் கடந்ததென்றால், யாரோ ஒருவர் கிழங்கைப் பத்திரமாகக் கையில் எடுத்துச் சென்றிருக்கிறார் என்பதே பொருள். வாழையடி வாழை என்ற சொல்லை அதன் முழு அர்த்தத்தில் உணரும் இடம் இது.

இந்தப் பழைய வம்சத்தில் நோயும் ஒளிந்திருக்கிறது. இலையில் மஞ்சள் கீற்றுகளை உண்டாக்கும் ஒரு வைரஸின் மரபுத்துண்டு 'பி' தொகுதிக்குள்ளேயே பதிந்து, நம் பூவனிலும் தொடர்கிறது. செடி வாட்டமுற்றால் அது விழித்துக்கொள்ளும். திசு வளர்ப்பும் அதை எழுப்பிவிடக்கூடும். பூவனுக்கு நோயற்ற கன்று தருவது ஏன் இத்தனை நுட்பமான வேலை என்பது இதிலிருந்து விளங்கும்.

வாடல் நோய் ரஸ்தாளியை அழிக்கிறது. 2008இல் புவிசார் குறியீடு பெற்ற விருப்பாட்சி மலைவாழையை முடிக்கொத்து நோய் குறைத்துவிட்டது. இவற்றுக்கு எதிர்ப்புத் திறன் தேட வேண்டுமானால், காட்டினங்களிலும் மறந்துபோன நாட்டு வகைகளிலும்தான் தேட வேண்டும். அதனால் இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கொல்லையிலோ குலதெய்வக் கோயில் தோட்டத்திலோ, பாட்டி வைத்த, பெயர் மறந்துபோன வாழை ஒன்று இருந்தால், அதை வெட்டிச் சாய்க்கும் முன் தாயனூருக்குத் தகவல் சொல்லுங்கள்.