கடைக் கண்ணாடியும் எழுதாத ஒரு திருத்தமும்

பத்திரிகைத் தொழிலில் நான் கழித்த நாற்பது ஆண்டுகளில் எத்தனையோ திருத்தங்கள் எழுதியிருக்கிறேன். பெயர் மாறி அச்சாகியிருக்கும், திகதி பிழைத்திருக்கும், ஒருவருடைய படத்தின் கீழ் இன்னொருவருடைய பெயர் வந்திருக்கும். மறுநாள் உள்பக்கமொன்றின் மூலையில் நான்கு வரியில் வருத்தம் தெரிவித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். ஆனால், நானே அறிந்து செய்த பிழையொன்றுக்கு மட்டும் இன்றுவரை திருத்தம் எழுதவில்லை. அதை எழுத வேண்டுமானால் முதலில் கடைக் கண்ணாடிகளின் கதையைச் சொல்லவேண்டும்.

1991ஆம் ஆண்டு வடமராட்சியில் என் அத்தான் காலமானார். யுத்தத்தினால் போக்குவரத்து அறுந்திருந்த காலம். செய்தி கொழும்புக்கு வந்து சேரவே நாட்கள் எடுத்தன. மரண அறிவித்தலை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பிள்ளைகளின் பெயர்களுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் அவரவர் தொழிலையும் ஊரையும் போடுவது நம்மவர் வழக்கம். ஆசிரியை, யாழ்ப்பாணம்; எழுதுவினைஞர், வவுனியா என்று எழுதி வந்த என் பேனா, இளைய மகனின் பெயரில் தயங்கி நின்றது. பிறகு “கணக்காளர், லண்டன்” என்று எழுதியது.

அவன் கணக்காளன் அல்லன். தென் லண்டனில் கடை யன்னல்களின் கண்ணாடி துடைத்துக் கொண்டிருந்தான். அது எனக்குத் தெரியும். பொய் எழுதும்படி என்னை எவரும் கேட்கவில்லை. சொற்கணக்கில் பணம் கட்டவேண்டிய அறிவித்தலில், அந்தப் பொய்க்கும் சேர்த்து என் கையாலேயே பணம் கட்டினேன்.

என் சிறுவயதில் எங்களூர்க் கடைகளில் கண்ணாடி கிடையாது. கடை முகப்பை அடைப்பவை நெடும்பலகைகள். மேலும் கீழும் உள்ள தவாளிப்பில் ஒவ்வொன்றாகச் செருகிக் கடையைப் பூட்டுவார்கள். இடம் மாறினால் பொருந்தாது என்பதற்காக அவற்றில் இலக்கம் எழுதியிருக்கும். விடியற்காலையில் அப்பலகைகளைக் கழற்றி அடுக்கும் ஓசைதான் கடைத்தெரு விழித்துக்கொண்டதற்கு அடையாளம். பொருள் வாங்க வருபவன் கடைக்காரனின் முகத்தைப் பார்த்து வருவான். கண்ணாடியைப் பார்த்து வருவதில்லை.

முகப்புக் கண்ணாடியை நான் வியந்து பார்த்தது கொழும்புக் கோட்டையில். யோர்க் வீதியில் 1906ஆம் ஆண்டு எழுந்து முடிந்த கார்கில்ஸ் கட்டடத்தின் முன்னால், புதிதாக வேலைக்கு வந்த இளைஞனாக நின்றபோது, உள்ளேயிருந்த பொருட்களுக்கு முன்பாக என் முகம்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கண்ணாடியை யாரோ துடைக்கிறார்கள் என்ற எண்ணம் அன்று எனக்கு வரவில்லை.

என் மருமகன் முதலில் கண்ணாடி துடைத்ததும் கொழும்பில்தான். படிப்பு முடிந்து வந்தவனை வெள்ளவத்தையில் தெரிந்தவருடைய புடவைக் கடையொன்றில் சேர்த்துவிட்டேன். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முதல் வேலை, காலையில் முகப்புக் கண்ணாடியைத் துடைப்பது. ஒரு வாளி தண்ணீர், ஒரு பழந்துணி, கடைசியில் மினுக்குவதற்குப் பழைய பத்திரிகைத் தாள். பத்திரிகைத் தாள் பஞ்சு விடாது; ஈரத்தை உறிஞ்சும். “மாமா, இண்டைக்கு உங்கடை கட்டுரையாலைதான் துடைச்சனான்” என்று இரவில் வந்து சொல்லிச் சிரிப்பான். நானும் சிரிப்பேன்.

1983 ஜூலை 25ஆம் திகதி, திங்கட்கிழமை. காலி வீதியில் அந்தக் கடையின் கண்ணாடி முதலில் உடைந்தது. பிறகு கடை எரிந்தது. முதலாளியும் பையன்களும் பின்வழியாக ஓடித் தப்பினார்கள். சில நாட்களின் பின் நான் அவ்வீதியால் சென்றபோது, தெரு நீளத்துக்கும் காலடியில் கண்ணாடித் துகள்கள் நெரிபட்டன. அந்த ஓசையை நான் எந்தக் கட்டுரையிலும் எழுதியதில்லை.

கடைக் கண்ணாடி கோபத்துக்கும் வெறுப்புக்கும் எளிதில் இலக்காவதை வரலாறு பலமுறை கண்டிருக்கிறது. 1938 நவம்பர் 9ஆம், 10ஆம் திகதிகளில் ஜேர்மனியில் ஏறத்தாழ 7,500 யூதக் கடைகள் நொறுக்கப்பட்டன. அந்த இரவுக்கு உடைந்த கண்ணாடியின் பெயரே நிலைத்துவிட்டது. நட்டப்பட்ட யூதர்கள்மீதே நாசி அரசு 100 கோடி மார்க் தண்டம் விதித்தது. அவர்களுக்குச் சேரவேண்டிய காப்புறுதிப் பணத்தையும் எடுத்துக்கொண்டது. உடைத்தவன் ஒருவன், கூட்டி அள்ளியவனும் பணம் கட்டியவனும் வேறொருவன்.

1985இல் மருமகன் லண்டன் போய்ச் சேர்ந்தான். ஒரு கடையில் இரவு வேலை. அதுவும் சில மாதங்களில் இல்லாமற் போயிற்று. ரூற்றிங் பகுதிக் கடைத்தெருவில் நடந்து திரிந்தபோது, ஒரு பலசரக்குக் கடையின் கண்ணாடி அழுக்கேறிக் கிடப்பதைக் கண்டானாம். உள்ளே போய், தெரிந்த ஆங்கிலத்தில், “துடைத்துத் தரட்டுமா?” என்று கேட்டிருக்கிறான். கடைக்காரர் கல்லாவிலிருந்து ஒரு பவுண் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அடுத்த கடையிலும் கேட்டான். அவ்வாறு தொடங்கியதுதான் அவனுடைய தொழில்.

அவன் கடிதத்தை வாசித்தபோது எனக்கு வருத்தம் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. அக்காவுக்கு வாசித்துக் காட்டியபோது அந்தப் பந்தியைத் தாண்டி அடுத்த பந்திக்குப் போனேன். 1991இல் நான் எழுதிய பொய் அன்றே தொடங்கிவிட்டது.

அவன் துடைத்த கண்ணாடிக்கு நீண்ட வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கடைகளில் சிறுசிறு சதுரக் கண்ணாடிகளே இருந்தன. உருகிய கண்ணாடியை ஊதி, சுழற்றித் தட்டாக்கி, அதிலிருந்து வெட்டி எடுத்தவை அவை. பெரிய தகடு வேண்டுமானால் வார்த்து, இரு பக்கமும் தேய்த்து மெருகேற்றவேண்டும். செலவு மிக அதிகம். போதாக்குறைக்கு அரசாங்கத்தின் வரியும் இருந்தது. 1696இல் விதிக்கப்பட்ட யன்னல் வரிக்குப் பயந்து மக்கள் யன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அவ்வாறு அடைபட்ட யன்னல்களைப் பழைய ஆங்கிலக் கட்டடங்களில் இன்றும் காணலாம். கண்ணாடிமீதே விதிக்கப்பட்டிருந்த தீர்வை 1845இலும், யன்னல் வரி 1851இலும் நீக்கப்பட்டன. அதே 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் ஏறத்தாழ 3 இலட்சம் கண்ணாடித் தகடுகளால் பளிங்கு மாளிகை எழுந்தது. அதன்பின் கடைத்தெருக்களின் முகமே மாறிற்று.

இந்த மாற்றத்தை முன்கூட்டியே கண்டுகொண்டவர்களில் ஒருவர் பிரான்சிஸ் பிளேஸ். அவர் தையற்காரர். 1793இல் தோற்காற்சட்டை தைப்போரின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியமையால் முதலாளிமார் அவருக்கு வேலை கொடுக்க மறுத்து, குடும்பத்தோடு பட்டினி கிடந்தவர். அவரே 1801இல் லண்டன் சாரிங் குரொசில் கடை திறந்தபோது, முகப்புக்குப் பெரிய தகட்டுக் கண்ணாடிகள் போட்டார். ஒவ்வொன்றும் 3 பவுண்; கதவிலிருந்த இரண்டும் தலா 4 பவுண். அக்காலத்துக்கு அது பைத்தியக்காரச் செலவு. ஆனால் அந்த முகப்பில் வைத்த பொருட்களின் விற்பனையே வேலையாட்களின் கூலிக்கும் வீட்டுச் செலவுக்கும் போதியதாக இருந்தது என்று அவர் எழுதியிருக்கிறார்.

அதே மனிதர் கடையின் பின்னறையில் பெரிய நூலகமொன்று வைத்திருந்தார். அதை அறிந்த வாடிக்கையாளர் சிலர் அவரிடம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். தையற்காரனுக்குப் புத்தகம் எதற்கு என்பது அவர்கள் எண்ணம். கண்ணாடி போட்டுக் காட்டவேண்டியது எது, மறைக்கவேண்டியது எது என்பதை அவருக்கு ஊரார் அப்படிக் கற்பித்தார்கள். தொழிற்சங்கங்களைத் தடைசெய்த சட்டங்கள் 1824இல் நீக்கப்பட்டதில் பெரும் பங்கு இந்தத் தையற்காரருடையது.

கடைக்குக் கண்ணாடி வந்ததும் அதைத் துடைப்பவனும் வந்தான். கண்ணாடி மலிந்தபோது அவனுக்கு வேலை பெருகியது. உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. தேய்க்கவும் மெருகேற்றவும் தேவையில்லாத கண்ணாடி மலிவாகக் கிடைக்க, சின்னஞ்சிறு கடைக்கும் பெரிய முகப்பு வந்தது.

துடைப்பவனின் கருவிக்கும் ஒரு குடியேறியின் கதை உண்டு. கப்பல் தட்டிலிருந்து தண்ணீரை வழித்துத் தள்ளும் றப்பர்ப் பலகைதான் அதன் முன்னோடி. அமெரிக்காவில் அக்காலத்தில் கண்ணாடிக்குப் பயன்பட்ட வழிப்பான் கனத்த உருக்கினால் ஆனது. றப்பரை மாற்றவேண்டுமானால் பன்னிரண்டு திருகாணிகளைக் கழற்றவேண்டும். 1922இல் இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன எற்றோரே ஸ்ரெக்கோனே என்பவர் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் கண்ணாடி துடைத்துப் பிழைத்தவர். கைநோவு அறிந்தவர் ஆதலால், பித்தளையில் இலேசான, ஒற்றை றப்பர் விளிம்புடைய வழிப்பானைத் தாமே செய்தார். 1936இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் உலகெங்கும் கண்ணாடி துடைப்பவர்கள் கையில் இருப்பது அந்த வடிவமே. படித்த பொறியியலாளர் எவருக்கும் தோன்றாதது, வாளி தூக்கியவருக்குத் தோன்றியது.

2004இல் நான் லண்டன் போயிருந்தேன். ஒருநாள் விடியற்காலையில் மருமகன் என்னையும் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். கடைகள் திறக்குமுன் முடிக்கவேண்டும்; வெயில் ஏறினால் தண்ணீர் காய்ந்து கோடு விழும் என்றான். வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி மட்டும். குளிர்காலத்தில் உறையாமலிருக்கச் சிறிது மதுசாரம் சேர்ப்பார்களாம். ஈரப்படுத்தியதும், மேல் விளிம்பில் ஒரு கோடு உலர்த்திக்கொண்டு, பித்தளை வழிப்பானைக் கண்ணாடியை விட்டு எடுக்காமல் பாம்பு நெளிவதுபோல இடமும் வலமுமாக இறக்கினான். பத்து வினாடி சென்றிருக்காது. ஓரங்களை மட்டும் துணியால் ஒற்றினான். கண்ணாடி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது.

“முதல் கடை கேக்கிறதுதான் மாமா கஷ்டம். ரெண்டாவது கடையிலை, பக்கத்துக் கடையைப் பாருங்கோ எண்டு சொல்லலாம்” என்றான். கீழ்த்தளக் கடைகளுக்கு ஏணி வேண்டியதில்லை; ஆகவேதான் முதலில்லாதவன் கடையில் தொடங்குகிறான். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் போகவேண்டும். தவறாமல் போனால் அந்தக் கடைகளின் வரிசையே சொத்தாகிவிடும். தொழிலை விடுபவர்கள் அவ்வரிசையை மற்றவருக்கு விற்பதும் உண்டு. அவனிடம் அப்போது எண்பது கடைகள் இருந்தன. உதவிக்கு இரண்டு பேர். அவர்களில் ஒருவர் ஊரில் ஆசிரியராக இருந்தவர்.

அன்று மாலை அவன் வீட்டில் ஒரு கோவையைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே மஞ்சளேறிய பத்திரிகைத் துண்டு. 1991இன் மரண அறிவித்தல். தகப்பனின் செத்தவீட்டுக்கு வரமுடியாதவனிடம் மிஞ்சியிருந்தது அந்தத் துண்டுதான்.

“மாமா, பேப்பரிலை பிழை வந்தால் நீங்கள் திருத்தம் போடுறனீங்கள்தானே? இதுக்கு ஏன் போடேல்லை?”

குரலில் கோபம் இருக்கவில்லை. நான் ஊராரைச் சொன்னேன், அக்காவின் மனதைச் சொன்னேன், காலத்தைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அம்மாவுக்கு நான் எண்பத்தாறிலேயே எழுதிப்போட்டன். அவவுக்குத் தெரியும்” என்றான். பிறகு சாப்பிட அழைத்தான்.

ஊருக்குப் போனபோது அக்காவிடம் கேட்டேன். “வெள்ளவத்தைக் கடையிலை துடைச்ச பிள்ளைதானே, அங்கையும் துடைக்கிறான். இதிலை உனக்கு என்ன?” என்றார். கடிதத்தில் நான் பந்தி தாண்டியதையும் அவர் அன்றே கவனித்திருந்தார். வெட்கம் என்னுடையதாக மட்டுமே இருந்திருக்கிறது.

அக்கா இன்று இல்லை. மருமகன் கடை வரிசையை அந்த ஆசிரியரின் மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றுவிட்டான். நான் எழுதிய பத்திரிகைகளில் இனி எனக்கு மூலை கிடையாது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

திருத்தம்: 1991ஆம் ஆண்டு வெளியான மரண அறிவித்தலொன்றில், அமரரின் இளைய மகனின் பெயருக்குப் பின்னால் “கணக்காளர், லண்டன்” எனக் குறிப்பிடப்பட்டிருந்தது. அதனை “கடை யன்னல் கண்ணாடி துடைப்பவர், லண்டன்” எனத் திருத்தி வாசிக்கவும். தவறு அச்சகத்தினுடையதன்று, எழுதியவருடையது. வருந்துகிறேன்.