நகரத்தின் பிறந்தநாளும் கற்பிட்டிக் கோட்டையும்

ஒரு சமுதாயம் எதனை விரும்பிற்று, எதற்கு அஞ்சிற்று, யாரோடு வாணிகம் செய்தது என்பனவற்றை எழுத்தின்றி உரைக்கும் சான்றுகள் அதன் பழங்கட்டடங்கள். ஏட்டுச் சான்றுகளை நூலகங்கள் பேணுகின்றன. கட்டடங்களைப் பேணுவோர் யார் என வினவின், தொல்பொருட் திணைக்களம் என்பதே வழமையான விடையாகும். அவ்விடை போதாது என்பதைச் சென்னை நகரின் அண்மைக்கால வரலாறு உணர்த்துகின்றது.

1639ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் நாள், தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி கடற்கரையோரமாக ஒரு நிலத்துண்டைப் பெற்றது. பிரான்சிஸ் டே என்பவரின் முயற்சியாற் கிட்டிய அம்மணற்றிடலில் எழுந்ததே புனித ஜோர்ஜ் கோட்டை. கோட்டையைச் சுற்றி வளர்ந்த நகரம், 19ஆம் நூற்றாண்டில் இந்தோ-சரசெனிக் பாணியின் களமாயிற்று. சிசோம் என்னும் கட்டடக் கலைஞர் 1874 முதல் 1879 வரை எழுப்பிய பல்கலைக்கழகச் செனற் மண்டபமும், 1892இல் நிறைவுற்ற உயர் நீதிமன்றமும் அப்பாணிக்குத் தக்க எடுத்துக்காட்டுகளாம்.

இந்நாளை நகரத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடும் வழக்கம் 2004இல் தோன்றியது. அதனைத் தொடக்கிய மூவருள் ஒருவரான எஸ். முத்தையா ஈழத்தவர்க்கு அந்நியர் அல்லர். கொழும்பில் ‘டைம்ஸ் ஒப் சிலோன்’ பத்திரிகையிற் பல்லாண்டு பணியாற்றி, 1968இல் சென்னை சென்றவர். 1981இல் அந்நகர் பற்றி நூலெழுதியும், 1991இல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ என்னும் இதழைத் தொடங்கியும், 2019இல் மறையும்வரை அதன் நினைவுகளைத் திரட்டியும் வந்தார். ஒரு நாள் விழா நாளடைவில் ஒரு கிழமையாயிற்று. பின் அதனையுங் கடந்து விரிந்தது. பழந்தெருக்களிற் கூட்டமாக நடந்து சென்று கட்டடங்களின் கதை கேட்டல், சொற்பொழிவு, நிழற்படக் கண்காட்சி, பாடசாலை மாணவர்க்கான போட்டி என்பன அதன் உறுப்புகள். விரும்பிய குழுவினர் தத்தம் செலவிற் தத்தம் பகுதியில் நடத்தலாம் என்பதே அதன் சிறப்பியல்பு.

இக்கொண்டாட்டத்துக்கு மறுப்பும் உண்டு. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் கம்பெனிக்குப் பன்னூற்றாண்டு முந்தியவை. பல்லவர் காலத்துப் பார்த்தசாரதி கோயில் நிற்கையில் 1639ஐப் பிறப்பாண்டு என்பது அந்நியர் வருகையையே தொடக்கமெனக் கொள்வதாகும் என்பர். ஆவணப் பிரதிகளில் யூலை 22 எனவுங் காணப்படுதலின் நாளும் ஐயத்துக்குரியதே. இம்மறுப்புகள் வலுவுடையன. ஆயினும் விழாவின் பயனை நாளின் சரிமையைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. பிறந்தநாள் ஒரு சாட்டு மாத்திரமே. அச்சாட்டிலே கூடியவர்கள் பார்க்கக் கற்றுக்கொள்வதே பயன்.

பார்க்கும் கண்ணின்றேல் நேர்வது யாது? 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அவ்விடத்தில் இரயில் நிலையக் கட்டடம் எழுந்தது. மாறாக, 1914இல் நிறுவப்பட்ட இராணி மேரிக் கல்லூரியை அகற்றித் தலைமைச் செயலகம் அமைக்க 2003இல் அரசு முனைந்தபோது, மாணவியர் கல்லூரியை விட்டு வெளியேற மறுத்துப் போராடினர்; திட்டம் கைவிடப்பட்டது. அண்ணாசாலையிலுள்ள பாரத் காப்புறுதிக் கட்டடத்தை இடிக்கும் முயற்சி நீதிமன்றஞ் சென்று, 2010இல் தடுக்கப்பட்டது. இவ்விரண்டிலும் சட்டத்துக்கு முன்னரே அக்கறையுள்ள மக்கள் இருந்தனர். அத்தகைய மக்களை ஆண்டுதோறும் உருவாக்குவதே விழாவின் தொழில்.

இவ்வுண்மையை மனங்கொண்டு புத்தளம் மாவட்டக் கரையோரத்தை நோக்குவோம். கண்டக்குழி முதலிய மீனவக் கிராமங்களைக் கொண்ட கற்பிட்டிக் குடாநாடு, ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளக் களப்பும் சூழ்ந்த ஒடுங்கிய நிலம். களப்பின் வாயிலைக் காவல்கொள்ளவும், கண்டியரசனின் கடல்வாணிகத்தைக் கட்டுப்படுத்தவும் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை அங்கு கோட்டை கட்டினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. அவ்வூரிலேயே 1807இற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர் விவர அகராதியையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். குடாநாட்டின் மேலைக் கரையில் தலவில் புனித அன்னம்மாள் ஆலயம் உளது. அங்கு திருவிழாக் காலத்திற் சிங்களவரும் தமிழருமாகப் பல்லாயிரவர் வந்து, நாட்கணக்கிற் தங்கி வழிபடுவர்.

இவற்றின் வேறுபாடு சிந்தனைக்குரியது. ஆலயத்துக்கு மக்கள் உளர். அது தம்முடையது என ஒவ்வொரு யாத்திரிகனும் எண்ணுகிறான். கோட்டையோ அந்நியன் கட்டியது, பின் படையினர் தங்கியது; அயலவர்க்கும் அது பிறர் பொருளாகவே தோன்றுதல் இயல்பு. ஆயினும் அதன் சுவருக்குக் கல் சுமந்தவரும் சுண்ணம் சுட்டவரும் இந்நாட்டுத் தொழிலாளரே அன்றோ? மேலும், 1990இல் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிலேயே தஞ்சம் புகுந்தனர். வீட்டையும் பள்ளிவாசலையும் விட்டு வந்தவர்க்குக் கட்டடம் ஒன்றின் பெறுமதியைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவர்கள் நினைவுகளும் இன்று இக்கரையின் வரலாற்றில் ஓர் அத்தியாயமாம்.

ஆதலின் சென்னை காட்டும் வழி இங்கும் பொருந்தும். ஆண்டில் ஒரு நாள் பாடசாலைப் பிள்ளைகள் கோட்டை வாயிலிலிருந்து ஒல்லாந்தர் தேவாலயம் வரை நடந்து, முதியோர் வாய்மொழியைக் கேட்டு, காசிச்செட்டியின் ஊர் இதுவென அறிந்து திரும்புவராயின், அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வழிகாட்டப் பல்கலைக்கழக மாணவர் சிலர் முன்வந்தால் அமையும். டொல்பின் காணவும் காற்றில் விளையாடவும் உல்லாசப் பயணிகள் வந்து செல்லும் இக்கரையில், நிலத்தின் விலை ஏறும். பழஞ்சுவர்கள் தடையெனத் தோன்றும் காலமும் வரும். அன்று அவற்றுக்காகப் பேசும் குரல், இன்று அவற்றைச் சுற்றி நடந்த பிள்ளைகளிடமிருந்தே எழுதல் வேண்டும்.