கையால் தோட்டா நிரப்புதல்

கையால் தோட்டா நிரப்புதல் என்பது வேட்டைத் துப்பாக்கிக்கு வேண்டிய தோட்டாவைச் சுடுபவரே கட்டிக்கொள்ளும் முறை. சுட்டு வெறுமையான பித்தளைக் கூட்டை எடுத்து, அதில் மருந்தைப் பற்றவைக்கும் புதிய கேப் பொருத்தி, நிறுத்த மருந்தை இட்டு, தேர்ந்த குண்டை வாயில் வைத்து அழுத்துவர். பித்தளைக் கூடு வருவதற்கு முன்பு, குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுச் சுட்ட காலத்தில், ஒவ்வொரு வெடியும் கையால் நிரப்பியதே. திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் வழங்கியது இந்தப் பழைய முறை. ஆகவே இங்கு அதுவே விரிவாகச் சொல்லப்படுகிறது.

துல்லியத்தின் அடிப்படை

மருந்தைக் கூட்டினால் குறி தப்பாது என்பது பரவலான தவறான எண்ணம். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் வேறுபாடு இல்லாமல் இருப்பதே துல்லியம். மருந்தின் நிறை, குண்டின் நிறை, குண்டு கூட்டுக்குள் இறங்கியிருக்கும் ஆழம், கூட்டின் உட்கொள்ளளவு, கேப்பின் வகை ஆகிய ஐந்தும் மாறாமல் இருந்தால், குண்டு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் குழலை விட்டு வெளியேறும். வெடிக்கும்போது குழல் அதிர்கிறது. அந்த அதிர்வின் ஒரே கட்டத்தில் குண்டுகள் வெளியேறினால் அவை ஒரே திசையில் செல்லும். இதனால்தான் ஒரு துப்பாக்கிக்குப் பொருந்திய அளவு அதே வகையைச் சேர்ந்த இன்னொன்றுக்குப் பொருந்துவதில்லை. குறைந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வோர் அளவிலும் சில குண்டுகளைச் சுட்டு, அவை விழுந்த இடங்களின் நெருக்கத்தைப் பார்த்துத்தான் உரிய அளவைக் கண்டறிய முடியும். 100 கஜத்தில் 1 அங்குல வட்டத்துக்குள் குண்டுகள் விழுவது மிகச் சிறந்த தரமாகக் கொள்ளப்படுகிறது. மானின் நெஞ்சுப் பகுதி ஏறத்தாழ ஒரு சாண் அகலம் உள்ளதால், வேட்டைக்கு இதில் பாதித் துல்லியமே போதும்.

அமெரிக்க மருத்துவரான ஃபிராங்க்ளின் மான் பல ஆண்டுகள் செய்த சோதனைகளை 1909இல் நூலாக வெளியிட்டார். குண்டின் முனை சிதைந்தால் குறி அதிகம் மாறுவதில்லை என்றும், அடிப்பகுதி சற்றே சிதைந்தாலும் குண்டு வெகுவாக விலகுகிறது என்றும் அவர் காட்டினார். நிரப்புவோர் குண்டின் அடியை இன்றும் பார்த்துப் பொறுக்குவதற்கு இதுவே காரணம்.

ஜவ்வாது மலையின் வேட்டை மரபு

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வரவைப் பற்றிய கதையொன்றை வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு பதிவு செய்துள்ளது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டு மறுக்கப்பட்டதால், ஏழு பெண்களைத் தூக்கிச் சென்றனர். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பினால் தாங்கள் இறந்ததாகக் கொள்ளும்படி வீட்டில் சொல்லிச் சென்றனர். பாலாற்று வெள்ளத்தால் நாய்கள் பிரிந்து ஊர் திரும்ப, வீட்டார் ஈமக்கடன்களை முடித்துவிட்டனர். திரும்பி வந்தும் ஊருக்குள் இடமற்றுப்போன ஆண்கள் மலையேறிக் குடியமர்ந்தனர். கையேடு இதற்குக் கி.பி. 1132 என ஆண்டும் தருகிறது. நாயும் வேடரும் இம்மக்களின் தோற்றக் கதையிலேயே இடம்பெறுகின்றனர்.

துப்பாக்கி இப்பகுதிக்குப் படைகளின் வழியே வந்தது. மலையின் தென்மேற்கே உள்ள செங்கம் கணவாயில் 1767 செப்டம்பர் 3 அன்று ஹைதர் அலியின் படையும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படையும் மோதின. அக்காலப் பாளையக்காரர் வீரர்கள் திரியால் பற்றவைக்கும் துப்பாக்கிகளை ஏந்தினர். 1792இல் பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியார் வசமானது. பாளையக்காரர் போர்கள் முடிந்ததும் 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஆயுதம் தாங்குவதைத் தடை செய்தார். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் என்னும் முறையை நாடு முழுவதற்கும் நிலைப்படுத்தியது. இவ்வளவு தடைகளையும் தாண்டி மலையில் தங்கியது ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி. வரகு, சாமை, தினைக் கொல்லைகளைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பதே அதன் முதல் வேலை.

நாட்டுத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பானது. குண்டைச் சுழலச் செய்யும் வரிப்பள்ளங்கள் அதில் இல்லை. வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த கரிமருந்தை வாய்வழியே இட்டு, நாரோ துணியோ வைத்துக் கம்பியால் இறுக்கி, அதன்மேல் ஈயக் குண்டோ பால்ரஸோ இடுவர். இறுக்கும் அழுத்தம் கைக்குக் கை மாறும். முந்தைய வெடியின் கரி குழலில் படிந்திருக்கும். ஈரக் காற்றில் மருந்து நனைந்திருக்கும். இந்த மூன்றையும் அடக்கி ஒரே சீராக நிரப்பத் தெரிந்தவரே நல்ல வேட்டைக்காரர். அப்படித் தெரிந்தவரின் கையிலும் ஐம்பது தப்படிக்கு மேல் அதன் குறி நம்பத்தக்கதன்று. அளவு மீறினால் குழல் வெடித்துச் சுட்டவரின் கண்ணும் கையும் போகும்.

கரிமருந்துக் காலத்து ஆய்வு

மருந்துக்கும் குண்டுக்கும் உள்ள பொருத்தத்தை முறையாக ஆராய்ந்தவர்களில் இருவர் நம் பகுதிகளில் வேட்டையாடியவர்கள். சாமுவேல் பேக்கர் இலங்கையின் நுவரெலியாவில் குடியிருந்தவர். 1840இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் செய்து தந்த அவருடைய ரைபிள் 21 பவுண்டு எடை கொண்டது. குழலில் இரண்டே வரிப்பள்ளங்கள். அவற்றில் பொருந்தும்படி இடுப்பில் பட்டை வைத்து வார்த்த 3 அவுன்ஸ் குண்டு. அதற்கு 16 டிராம், அதாவது ஏறத்தாழ 28 கிராம் மருந்து. யானைக்கென ஈயத்தோடு பாதரசம் கலந்து குண்டைக் கடினமாக்கினார்.

வங்காளப் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபோர்சைத் 1863இல் வேட்டை ரைபிளும் அதன் குண்டுகளும் பற்றித் தனி நூலே எழுதினார். கூம்பு வடிவக் குண்டே உயர்ந்தது என்று ஐரோப்பா கொண்டாடிய காலம் அது. கூம்புக் குண்டு கனமானது. மெதுவாகச் சென்று வளைந்து விழும். தொலைவைச் சற்றுத் தவறாகக் கணித்தாலும் குறி தப்பும். உருண்டைக் குண்டுக்கு நிறைய மருந்து இட்டால் அது நேராகப் பாயும். ஆனால் வரிப்பள்ளங்கள் நெருக்கமாகச் சுற்றினால் மென்மையான ஈயம் பள்ளத்தைப் பற்றாமல் உரிந்து விடும். ஆகவே வரிகள் மிக மெதுவாகச் சுற்ற வேண்டும் என்றார் அவர். 150 கஜத்துக்குள் சுடும் இந்தியக் காட்டுக்கு ஃபோர்சைத் சொன்னதே சரி.

பித்தளைக் கூடும் கார்டைட்டும்

1866இல் ஆங்கிலேயரான பாக்சரும் அமெரிக்கரான பெர்டனும் தனித்தனியே கேப் அமைப்புகளை உருவாக்கினர். பாக்சர் வகைக் கூட்டின் நடுவே ஒரே துளை இருப்பதால், பயன்பட்ட கேப்பை ஊசியால் எளிதில் தள்ளி எடுக்கலாம். பெர்டன் வகையில் இரு சிறு துளைகள். கேப்பை எடுப்பது கடினம். இந்தியாவுக்கு வந்த கைனாக் நிறுவனத் தோட்டாக்கள் பெரும்பாலும் பெர்டன் வகை. கையால் நிரப்புதல் அமெரிக்காவில் வளர்ந்தது போல இங்கே வளராததற்கு இதுவும் ஒரு காரணம்.

1889இல் ஏபெலும் டூவரும் கண்டறிந்த புகையற்ற மருந்தான கார்டைட்டை நீலகிரியில் செய்வதற்கு அருவங்காட்டு ஆலை 1903இல் எழுந்தது. கார்டைட் வெயிலில் அதிக அழுத்தம் தரும். வேலூர்ச் சமவெளியின் கோடையில் கூடு துப்பாக்கிக்குள் இறுகிச் சிக்கிவிடும். எனவே இந்தியாவுக்கென அளவு குறைத்த தோட்டாக்கள் செய்யப்பட்டன. .450 அளவுத் தோட்டாக்களைப் படைத் துப்பாக்கிகளுக்கு மாற்றிவிடக்கூடும் என்ற அச்சத்தில் 1907இல் அரசு அவற்றைத் தடை செய்ய, .465, .470 போன்ற அளவுகள் பிறந்தன. படையின் .303 குடிமக்களுக்கு மறுக்கப்பட்டதால் .315 பரவியது, இஷாப்பூர் ஆலை அந்த அளவில் வேட்டை ரைபிள் செய்தது.

ஜவ்வாது மலைக்கு அண்டையிலுள்ள ஏலகிரியில் ஆட்கொல்லிச் சிறுத்தையைத் தேடியதை நூலில் எழுதிய கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டர் ரைபிளை ஏந்தியவர். அந்தத் தோட்டாவை ஆலை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறுத்தியபின், உலகெங்கும் அதன் உரிமையாளர்களுக்குக் கையால் நிரப்புவதே வழியாயிற்று.

இன்றைய நிலை

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் வந்த திருத்தமும் வேட்டையை முடித்துவைத்தன. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் தோட்டா செய்வதைத் தடுக்கிறது. பயிர்க் காவலுக்கு வாய்வழி நிரப்பும் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் பெறும் வழியையும் தருகிறது. ஜவ்வாது மலையில் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளைக் காவல்துறையும் வனத்துறையும் திரும்பப் பெற்று வருகின்றன.